வண்டிக்கு அடியில் மூன்று பெட்டிகள்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். "என்ஜின் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?" என்றால் உடனே விடை வரும். "டிபரென்ஷியல் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?" என்றால் சற்றே விழிப்பார்கள். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பிக்கப் வண்டியாக இருந்து, "டிரான்ஸ்பர் பெட்டியில் என்ன எண்ணெய் இருக்கிறது?" என்றும் கேட்டுவிட்டால், பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். நானும் அப்படித் திருப்பியவர்களில் ஒருவன்தான். அதனால் வந்த விளைவையும், அதன் பின் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் நம் சங்க மலரைப் படிக்கும் நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். பொறியியல் பயில்வோர் மட்டுமின்றிக் கலைப்பிரிவு நண்பர்களும் படித்துப் புரிந்துகொள்ளலாம். கையில் ஒரு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

நடந்தது இதுதான். நில இயல் ஆய்வுக்காக 2022 செப்டம்பரில் நாங்கள் ஆறு பேர் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். துறைக்குச் சொந்தமான பிக்கப் வண்டி. ஓட்டியவர் தினக்கூலியில் அமர்த்தப்பட்ட ஒரு முதியவர். எல்லாரும் அவரை உஸ்தாத்ஜி என்றே அழைப்போம். கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை அந்த வழியைப் பாதை என்று சொல்வதை விடப் பாறைகளின் வரிசை என்று சொல்லலாம். பனிமலை உருகிவரும் ஓடைகள் பல இடங்களில் பாதையின் மேலேயே ஓடுகின்றன. காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிய பின் முழங்காலைத் தொடும். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது, 4,500 மீட்டருக்கும் மேலான குன்சம் கணவாயிலிருந்து கீழே இறங்குகையில், வண்டியின் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் முனகல் வலுத்தது. பாத்தல் வருவதற்குள் அது அரைக்கும் ஓசையாகிவிட்டது. உஸ்தாத்ஜி வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "இனி இது ஓடாது, பேட்டா. ஓட்டினால் இறக்கத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்" என்றார். இரண்டு இரவுகள் அங்கேயே தங்கினோம்.

ஊர் திரும்பியதும் விசாரணை வந்தது. வண்டியின் பதிவேட்டில், புறப்படுவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், "முன் டிபரென்ஷியல், பின் டிபரென்ஷியல், டிரான்ஸ்பர் பெட்டி: எண்ணெய் பார்க்கப்பட்டது, சரி" என்று எழுதி, கீழே என் கையெழுத்து இருந்தது. எண்ணெய் சரியாக இருந்தது என்றால், ஓட்டியவர்தான் வண்டியைத் தண்ணீரில் முரட்டுத்தனமாக விட்டுக் கெடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். உஸ்தாத்ஜியின் வேலை போக இருந்தது.

உண்மை என்னவென்றால், அன்று நான் வண்டிக்கு அடியில் படுக்கவே இல்லை. முந்தைய பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன். அதைப் பிறகு எப்படிச் சொன்னேன் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். முதலில் அந்த மூன்று பெட்டிகள் எதற்காக இருக்கின்றன என்று பார்ப்போம்.

டிபரென்ஷியல் எதற்கு?

நம் ஊர் மாட்டு வண்டிக்கு டிபரென்ஷியல் கிடையாது. கோயில் தேருக்கும் கிடையாது. ஏன்? அவற்றின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் அச்சின் நுனியில் தனித்தனியே சுழல்கின்றன. திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழலத் தடை ஏதும் இல்லை. மாடு இழுப்பது வண்டியை, சக்கரத்தை அன்று.

மோட்டார் வண்டியின் நிலை வேறு. இங்கே சக்கரத்தைச் சுழற்றித்தான் வண்டியை நகர்த்துகிறோம். இரு பின்சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பொருத்திச் சுழற்றினால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் இருக்கட்டும். வண்டி ஒரு முழு வட்டம் போட்டு வந்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விட 2 × 3.14 × 1.5, அதாவது ஏறத்தாழ 9.4 மீட்டர் அதிகம் உருள வேண்டும். வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் இந்த வேறுபாடு மாறாது. சக்கரத்தின் குறுக்களவு 75 சென்டிமீட்டர் என்றால், வெளிச்சக்கரம் சரியாக நான்கு சுற்று அதிகம் சுற்ற வேண்டும். இறுகப் பொருத்திய தண்டில் அது நடவாது. டயர் தரையில் தேய்ந்து இழுபடும். அல்லது தண்டு முறுக்கிக்கொள்ளும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதுதான் டிபரென்ஷியல். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் விடும். பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிபோர் பெக்கூர் என்பவர் 1820களின் இறுதியிலேயே ஒரு நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னே பிறந்துவிட்ட பொறி இது!

பின் அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கிறதே, அதற்குள்தான் இது இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உண்டு. அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். நம் பக்கத்து மெக்கானிக்குகள் இந்த இணையைக் 'கிரவுன் பினியன்' என்பர். பினியன் ஏறத்தாழ நான்கு சுற்றுச் சுற்றினால் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் வேகம் குறைந்து முறுக்கு விசை பெருகுகிறது. வண்டியின் முழுச் சுமையும் அந்தச் சில பற்களின் மேல்தான் விழுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

டிரான்ஸ்பர் பெட்டி எதற்கு?

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன் அச்சிலும் ஒரு டிபரென்ஷியல் உண்டு. கியர் பெட்டியிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்ப நடுவில் இன்னொரு பெட்டி வேண்டும். அதுவே டிரான்ஸ்பர் பெட்டி. ஓட்டுநருக்கு அருகில் இருக்கும் இரண்டாவது கம்பியோ, இக்காலத்து வண்டிகளில் ஒரு திருகு பொத்தானோ இதை இயக்கும். இரு சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம், செங்குத்தான ஏற்றத்துக்கான தாழ்வேக இயக்கம் என மூன்று நிலைகள் வழக்கமாக இருக்கும்.

சில டிரான்ஸ்பர் பெட்டிகளில் பற்சக்கரங்களே வேலை செய்கின்றன. பலவற்றில் ஒரு தடித்த சங்கிலி முன் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்கிறது. இந்த வேற்றுமையை மறவாதீர்கள். எந்த எண்ணெய் ஊற்றுவது என்பது இதைப் பொறுத்தது.

எண்ணெய் செய்யும் வேலை

பழைய வண்டிகளில் பினியனின் மையக்கோடும் கிரவுனின் மையக்கோடும் ஒன்றையொன்று சந்திக்கும்படி அமைத்திருந்தார்கள். 1926இல் அமெரிக்காவின் பாக்கார்டு வண்டியில் பினியனைக் கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி அமைத்தார்கள். 'ஹைபாய்டு' என்று இதற்குப் பெயர். வண்டியின் நடுத்தண்டு தாழ்ந்தது, பற்கள் பெரியவையாகி வலுப்பெற்றன, ஓசையும் குறைந்தது. ஆனால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் உராய்ந்து வழுக்கவும் தொடங்கின. மிகுந்த அழுத்தத்தோடு வழுக்கும்போது சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். இரும்பும் இரும்பும் நேரே தொட்டுப் பற்றிக்கொள்ளும்.

அதற்காகவே கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். பற்கள் உராய்ந்து சூடாகும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும் இந்தப் படலம் பற்களைக் காக்கும். கியர் எண்ணெயை முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம் வருகிறதே, அந்தக் கந்தகத்தின் நாற்றம்தான் அது. எண்ணெய் பழையதாக ஆக இந்தச் சேர்மங்கள் செலவாகிப் போகின்றன. கூடவே இரும்புத் துகள் சேர்கிறது, ஈரமும் சேர்கிறது. எண்ணெயின் அளவு குறையாவிட்டாலும் அதன் ஆற்றல் குறைகிறது. மாற்ற வேண்டிய காரணம் இதுவே.

எந்த எண்ணெய்?

டப்பாவின் மேல் இரண்டு குறிகளைப் பாருங்கள். ஒன்று அதன் தடிமன். மற்றொன்று அதன் தரம்.

தடிமன் '80டபிள்யூ-90' என்பது போல எழுதப்பட்டிருக்கும். பின்னால் உள்ள 90 என்பது 100 டிகிரி வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் குறிக்கும். என்ஜின் எண்ணெய் 40 என்றால் கியர் எண்ணெய் 90 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் எண்ணெய் 90 என்பது, 40 அல்லது 50 என்று குறித்த என்ஜின் எண்ணெயின் தடிப்பையே ஒத்தது. முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். 80டபிள்யூ என்பது பூச்சியத்துக்குக் கீழ் 26 டிகிரி வரையும், 75டபிள்யூ என்பது 40 டிகிரி வரையும் வரம்பு மீறி இறுகாது. சமவெளியில் இந்த வேற்றுமை பெரிதல்ல. இமயத்தில் குளிர்காலத்தில் ஓட்டுவோருக்கு இது முக்கியம்.

தரத்தை 'ஜி.எல்.-4', 'ஜி.எல்.-5' என்று குறிப்பர். ஹைபாய்டு டிபரென்ஷியலுக்கு ஜி.எல்.-5 வேண்டும். உயர்ந்த எண்தானே என்று அதையே கையால் மாற்றும் கியர் பெட்டியிலும் ஊற்றிவிடக் கூடாது. அங்கே பித்தளை வளையங்கள் உண்டு. மிகுதியான கந்தகச் சேர்மம் சில வகைப் பித்தளையை அரிக்கும். கியர் பெட்டிகள் பலவற்றுக்கு ஜி.எல்.-4 கேட்பதன் காரணம் இதுதான். டிரான்ஸ்பர் பெட்டியோ, சங்கிலி உள்ளதானால், பெரும்பாலும் தானியங்கிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெயைக் கேட்கும். சிவப்பாக இருக்கும் அந்த எண்ணெயை நம் மெக்கானிக்குகள் 'ஏ.டி.எப்.' என்பர். அதில் தடித்த கியர் எண்ணெயை ஊற்றினால் சங்கிலிக்கும் உள்ளிருக்கும் சிறு பம்புக்கும் வேண்டிய எண்ணெய் விரைந்து போய்ச் சேராது. ஒரு பக்கச் சக்கரம் சறுக்காமல் தடுக்கும் தட்டுகள் அமைந்த டிபரென்ஷியலானால், அதற்கென்று தனிச் சேர்மம் கலந்த எண்ணெய் வேண்டும். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று ஊற்றாதீர்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள்.

தண்ணீர் எப்படி நுழைகிறது?

இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று நான் வியந்ததுண்டு. பள்ளியில் படித்த வாயுவின் விதியே இதற்கு விடை சொல்கிறது.

ஓடும் வண்டியின் டிபரென்ஷியல் 80 டிகிரி வரை சூடாவது இயல்பு. உள்ளே எண்ணெய்க்கு மேல் காற்று இருக்கிறது. அது விரியவும் சுருங்கவும் வழி வேண்டும் என்பதற்காக அச்சின் மேல் ஒரு சிறு மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். இப்போது வண்டி பனிநீர் ஓடையில் இறங்குகிறது. உள்காற்று 80 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்குவதாகக் கொள்வோம். தனி வெப்ப அளவில் 353 என்பது 283 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூச்சுக்குழல் திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து ஈடு செய்யும். சேறு அடைத்திருந்தால்? உள்ளே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து பெட்டி உறிஞ்சத் தொடங்கும். அச்சின் முனைகளில் உள்ள எண்ணெய் சீல்களின் உதடுகள், உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுக்க அமைந்தவை. வெளியிலிருந்து உறிஞ்சப்படும் தண்ணீரைத் தடுப்பதில் அவ்வளவு வலிமை அவற்றுக்கு இல்லை. தண்ணீர் உள்ளே போகிறது. மூச்சுக்குழலே நீரில் மூழ்கினாலும் அதே கதைதான். அதனால்தான் ஆறு கடக்கும் வண்டிகளில் மூச்சுக்குழலை ரப்பர்க் குழாயால் நீட்டி உயரத்தில் கட்டி வைக்கிறார்கள்.

மாற்றும் முறை

இனி வேலைக்கு வருவோம். வேண்டிய பொருள்கள்: மூடிகளுக்குப் பொருந்தும் ஸ்பானர் அல்லது சாக்கெட்டு, முறுக்களவு காட்டும் டார்க் ரெஞ்சு, பழைய எண்ணெய் பிடிக்க அகன்ற தட்டு, எண்ணெய் ஏற்றக் கைப்பம்பு, புதிய வாஷர்கள், கம்பித் தூரிகை, பழந்துணி, கையுறை, கண்ணாடி. எங்கள் வண்டியை ஒத்த அளவுள்ளவற்றில் பின் டிபரென்ஷியலுக்கு 2 முதல் 3 லிட்டரும், முன் டிபரென்ஷியலுக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 2 லிட்டரும் பிடிக்கும்.

முதலாவது, வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். எண்ணெய் வெதுவெதுப்பானால் எளிதில் வடியும். அடியில் தங்கிய துகளும் கலங்கி வெளியேறும். கை சுடும் அளவுக்குச் சூடாயிருந்தால் சற்று ஆற விடுங்கள்.

இரண்டாவது, சமதரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்பர் பெட்டி நடுநிலையில் இருந்தால், கியரைப் போட்டு வைத்திருந்தாலும் அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்திருக்கும். கியரை நம்பி அடியில் படுத்தவர் மேல் வண்டி உருளக்கூடும். சாவி வேலை செய்பவர் பையில் இருக்கட்டும். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூடிகளைத் தேடுங்கள். அடியில் இருப்பது வடிமூடி. பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது நிரப்புமூடி. சுற்றிலும் உள்ள மண்ணைத் தூரிகையால் நன்றாகத் துடையுங்கள். இல்லையேல் மூடியைத் திறந்ததும் மண் உள்ளே விழும்.

நான்காவது, நிரப்புமூடியை முதலில் தளர்த்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மேல்மூடி பல ஆண்டுகள் திறக்கப்படாமல் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். வடிமூடியைத் திறந்து எண்ணெய் முழுவதையும் வடித்த பிறகு, மேல்மூடி அசைய மறுத்தால் என்ன செய்வீர்கள்? எண்ணெய் இல்லாத வண்டி; எண்ணெய் ஊற்ற வழியும் இல்லை. மேல்மூடி திறக்கிறது என்று கண்ட பிறகே கீழ்மூடியைத் தொட வேண்டும்.

ஐந்தாவது, தட்டை வைத்து வடிமூடியைக் கழற்றுங்கள். கடைசிப் புரிகளைக் கையால், மூடியை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகி, சட்டென்று விலக்குங்கள். சட்டைக்கை நனையாது. சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். அவசரம் வேண்டா.

ஆறாவது, மூடியின் முகங்களைத் துடைத்து, புது வாஷர் போட்டு, வடிமூடியைப் பூட்டுங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிப்போனது, மறுபடி அடைக்காது. கையேடு 50 நியூட்டன் மீட்டர் என்று சொன்னால், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 20 கிலோ எடையின் அழுத்தம் என்று பொருள். வலுவைக் காட்டி முறுக்கினால் புரி அறுந்துபோகும்.

ஏழாவது, பம்பினால் புதிய எண்ணெயை ஏற்றுங்கள். நிரப்புத் துளையின் கீழ் விளிம்பிலிருந்து எண்ணெய் வழியத் தொடங்கினால் அளவு நிறைந்தது. கையேடு சில மில்லிமீட்டர் குறைவாக நிறுத்தச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். எண்ணெய் அச்சுக் குழாய்களுக்குள் பரவி அளவு இறங்கும். மீண்டும் நிரப்பிப் பூட்டுங்கள். வண்டி சரிந்து நின்றால் இந்த அளவு பொய்யாகும். சமதரை வேண்டும் என்றதன் காரணம் இதுவே.

எட்டாவது, மூச்சுக்குழலின் தொப்பியை விரலால் அசைத்துப் பாருங்கள். அடைப்பு இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். பிறகு சிறிது தொலைவு ஓட்டி வந்து, மூடிகளின் அடியில் கசிவு இருக்கிறதா என்று துணியால் ஒற்றிப் பாருங்கள்.

டிரான்ஸ்பர் பெட்டியில் ஒரு தனி ஆபத்து உண்டு. அது கியர் பெட்டியோடு ஒட்டியே இருக்கும். இரண்டின் மூடிகளும் அருகருகே ஒரே மாதிரி தோன்றும். கியர் பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டு, டிரான்ஸ்பர் பெட்டியில் ஊற்றுபவர்கள் உண்டு. ஒன்று வறண்டுபோகும், மற்றொன்று நிரம்பி வழியும். திறப்பதற்கு முன் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு, சாக்பீஸால் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

பழைய எண்ணெய் சொல்லும் சேதி

வடித்த எண்ணெயை உடனே மூடி வைத்துவிடாதீர்கள். மருத்துவர் நாடி பார்ப்பது போல அதைப் பாருங்கள்.

வடிமூடியின் நுனியில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் அஞ்ச வேண்டா. பற்கள் இயல்பாகத் தேய்ந்த நுண்துகள் அது. விரலில் நெருடும் சில்லுகளோ, பல்லின் துண்டோ இருந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால், அது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. எண்ணெய் பாலில் கலந்த தேநீரைப் போல் இருந்தால் தண்ணீர் நுழைந்துவிட்டது. பற்சக்கரங்கள் கடைந்து கடைந்து எண்ணெயையும் நீரையும் ஒன்றாக்கிய குழம்பு அது. பேரிங்குகளைத் தாங்கும் படலம் அந்தக் குழம்பில் உருவாவதில்லை. துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

தண்ணீரைச் சோதிக்க இன்னும் எளிய வழியும் உண்டு. எண்ணெய் நீரை விட இலேசானது. ஆகவே, இரவு முழுதும் நின்ற வண்டியின் வடிமூடியைக் காலையில் சற்றே தளர்த்தினால், கடைந்து கலக்காத தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

எப்போது மாற்றுவது? பல கையேடுகள் 30,000 கிலோமீட்டர் முதல் 60,000 கிலோமீட்டர் வரை சொல்கின்றன. பாரம், புழுதி, மலை இவற்றில் உழைக்கும் வண்டிக்கு அதில் பாதியிலேயே மாற்றுவது நல்லது. அச்சு மூழ்கும் நீரைக் கடந்தாலோ, கிலோமீட்டர் கணக்கையே பார்க்க வேண்டா. ஊர் திரும்பியதும் எண்ணெயைப் பாருங்கள்.

பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெயும் அபாயக் கழிவே. டப்பாவில் அடைத்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். நாம் குடிக்கும் ஓடைக்கு நாமே நஞ்சிடலாமா?

பதிவேட்டில் ஒரு வரி

இனி விட்ட இடத்துக்கு வருகிறேன். பட்டறையில் எங்கள் வண்டியின் பின் டிபரென்ஷியலைத் திறந்தபோது நானும் அருகில் நின்றேன். வடிந்தது எண்ணெய் அன்று, பால் தேநீர். மூச்சுக்குழலின் தொப்பி காய்ந்த சேற்றால் கல்லாகியிருந்தது. பினியன் பேரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் மெக்கானிக். உருளைகளில் துரு குழி குழியாக அரித்திருந்தது. "இது ஒரு வாரத்துத் துரு அல்ல, மாதக்கணக்கில் தண்ணீர் இருந்திருக்கிறது" என்றார்.

அதாவது, ஸ்பிதிக்குப் புறப்படுவதற்கு முன்பே தண்ணீர் இருந்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் நான் அந்த மூடியைத் திறந்திருந்தால் அப்போதே கண்டிருப்பேன். அந்தப் பேரிங்கை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்பதை எழுதியே கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கியது. அவர் கடிந்துகொண்டார், கடிந்துகொள்ள வேண்டியதுதான். அடுத்த பருவம் முழுதும் ஆய்வுப் பயணங்களின் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. உஸ்தாத்ஜியின் வேலை போகவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு பழைய சாக்கை விரித்து, "படு, பேட்டா" என்றார். தாமும் பக்கத்தில் படுத்து, விளக்கைப் பிடித்து, "முதலில் மேல்மூடி" என்று தொடங்கினார். மேலே நான் எழுதியுள்ள முறையில் பெரும்பகுதி அந்தப் பிற்பகலில் கற்றது. கணக்குகள் மட்டும் நூலகத்தில் கற்றவை.

எங்கள் பதிவேட்டில் இப்போது 'சரி' என்று எழுதும் கட்டம் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று கட்டங்கள் இருக்கின்றன: எண்ணெயின் நிறம் என்ன, காந்தத்தில் கண்டது என்ன, மூச்சுக்குழல் அசைந்ததா. இவற்றை வண்டிக்கு அடியில் படுக்காமல் எவரும் எழுத முடியாது. கீழே பார்த்தவர் கையெழுத்தும் ஓட்டுபவர் கையெழுத்தும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆலைகளிலும் பாலங்களிலும் மருத்துவமனைகளிலும் இத்தகைய கட்டங்களில் கையெழுத்திடப் போகிறோம். அந்தக் கையெழுத்தை நம்பி யாரோ ஒருவர் இறக்கத்தில் வண்டியை விடுவார். சாக்கை விரித்து ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவோம்.